போவதற்கும் வருவதற்கும் ஒரே சொல்

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ள ஒரு தோட்டத்து டவுனிலிருந்து ஒரு தாய் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 54. கணவர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது தொழிலாளர் மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை இடித்த பிறகு டவுனில் மலிவு விலை வீட்டுக்கு வந்தவர்கள். ஒரே மகன், 26 வயது, ஜொகூரில் வேலை. ஞாயிறு பள்ளியில் வசனப் பரிசு வாங்கிய பிள்ளை, இரண்டு வருடமாகச் சபைக்கு வருவதில்லை. இந்த வருடத் தைப்பூசத்தில் நண்பன் எடுத்த காவடிக்குப் பக்கத்தில், மஞ்சள் வேட்டியோடு பத்துமலையில் நிற்கும் அவன் படம் யாரோ அனுப்பி, சபை வாட்ஸ்அப் குழுவில் சுற்றியிருக்கிறது. பாஸ்டர் வீட்டுக்கு வந்து எரேமியா 3:22-ஐ வாசித்திருக்கிறார்: "சீர்கெட்ட பிள்ளைகளே, திரும்புங்கள், உங்கள் சீர்கேடுகளைக் குணமாக்குவேன்." அந்தச் 'சீர்கெட்ட' என்ற சொல்லுக்கு எபிரேயத்தில் 'வீட்டைத் தின்பவன்' என்று அர்த்தமாம். ஷீன் என்ற எழுத்து பல், பேத் என்ற எழுத்து வீடு என்று ஒரு படமும் குழுவில் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையோடு பந்தியில் உட்காரக் கூடாது, அவன் பைபிளை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் மகன் வந்தபோது வெளியே நாற்காலி போட்டுச் சாப்பாடு கொடுத்தார் இந்த அம்மா. அவன் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு, தட்டை வெளிக் குழாயில் தானே கழுவி வைத்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று வாரமாகப் போன் இல்லை. "பெத்த வயிறு எரியுது ஐயா. எபிரேயத்துல நெசமாவே அப்படித்தான் இருக்கா? அடுத்த தடவ வந்தா உள்ள விடலாமா?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நான் கொஞ்ச காலம் எபிரேயம் சொல்லிக் கொடுத்தவன், இப்போது குடும்ப ஆலோசகனாக இருக்கிறேன். அதனால் உங்கள் இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் உண்டு. இரண்டாவதற்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளே விடுங்கள். சொல்லின் அர்த்தம் என்னவாக இருந்தாலும் விடுங்கள். சரி, இனி சொல்லைப் பார்ப்போம்.

பல்லும் இல்லை, வீடும் இல்லை

பேத் என்றால் வீடு, ஷீன் என்பது பல்லோடு தொடர்புள்ள பெயர். அந்த எழுத்துகள் வெகு காலத்துக்கு முன்னே படங்களிலிருந்து பிறந்தவை என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு சொல்லின் அர்த்தத்தை அதன் எழுத்துகளின் படங்களைக் கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. எந்த மொழியும் அப்படி ஓடுவதில்லை. 'பாட்டி' என்பதைப் பிரித்து 'பாட்டும் டீயும் தருபவள்' என்று ஒருவர் வியாக்கியானம் செய்தால் நாம் சிரிப்போம் அல்லவா? எபிரேயம் நமக்குத் தெரியாத மொழி என்பதால் சிரிக்காமல் ஃபார்வர்டு செய்கிறோம்.

அந்த வசனத்தை எபிரேயத்தில் வாசித்தால் இப்படி ஒலிக்கும்: ஷூவூ பானீம் ஷோவாவீம், எர்பா மெஷூவோதேகெம். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஷூவூ, ஷோவாவீம், மெஷூவோதேகெம். மூன்றும் ஒரே வேரிலிருந்து வருகிறவை. அந்த வேர் ஷூவ். அதற்கு 'திரும்பு' என்று அர்த்தம், அவ்வளவுதான். பழைய ஏற்பாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிற சாதாரணச் சொல். நோவாவின் புறா பேழைக்குத் திரும்பியதற்கும், நகோமி பெத்லகேமுக்குத் திரும்பியதற்கும், மனிதன் மண்ணுக்குத் திரும்புவதற்கும் இதே சொல்தான். ஷோவாவீம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள். மெஷூவா அப்படித் திருப்பிக்கொண்டு போகிற போக்கு. எரேமியா சொல்லை வைத்து விளையாடுகிறார்: திரும்பிப் போன பிள்ளைகளே, திரும்பி வாருங்கள்.

தமிழிலும் இது நடக்கும். 'திரும்பிப் போ', 'திரும்பி வா' இரண்டிலும் 'திரும்பி'தான். ஆனால் நம் கையில் உள்ள பைபிளில் முதல் சொல் 'சீர்கெட்ட' என்றும் அடுத்தது 'திரும்புங்கள்' என்றும் வந்துவிட்டதால் இரண்டுக்கும் உள்ள உறவு காதில் விழுவதில்லை. மொழிபெயர்த்தவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. இந்த மொழிபெயர்ப்பு 1871-இல் பவர் ஐயர் குழு முடித்துக் கொடுத்ததிலிருந்து வருகிறது. சீர் என்றால் ஒழுங்கு, சீர்கேடு என்றால் ஒழுங்கு குலைந்தது. நூற்றைம்பது வருடத்தில் சொல்லின் மேல் கறை ஏறிவிட்டது. இன்று டவுனில் ஒருவனைச் 'சீர்கெட்டவன்' என்றால் அது வசவு. 'நாற்றம்' என்றால் ஒரு காலத்தில் நறுமணம், இப்போது அந்தச் சொல்லை மல்லிகைப் பூவுக்குச் சொல்ல முடியுமா? உங்கள் மகன்மேல் விழுந்தது எரேமியாவின் சொல் அல்ல, நம் காலத்துத் தமிழின் வசவு.

இன்னொரு செய்தி, இதைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பீர்கள். தாவீது ராஜாவின் பிள்ளைகளில் ஒருவன் பெயர் சோபாப். 2 சாமுவேல் 5:14-இல் சாலொமோனுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். எபிரேயத்தில் ஷோவாவ், அதே எழுத்துகள். இன்றைய இஸ்ரேலில் ஒரு தாய் தன் குறும்புக்காரப் பயலை 'ஷோவாவ்' என்றுதான் கொஞ்சலாகத் திட்டுவாள். இன்றைய வழக்கை எரேமியா காலத்தில் ஏற்றிப் படிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் 'வீட்டைத் தின்பவன்' என்று எந்தத் தகப்பனும் பிள்ளைக்குப் பெயர் வைக்கமாட்டான்.

இனிப்பு மட்டும் தந்தால் நானும் அந்த ஃபார்வர்டுக்காரர்கள் மாதிரிதான்

எரேமியா 3-ஆம் அதிகாரம் செல்லம் கொஞ்சுகிற அதிகாரம் அல்ல. கணவனை விட்டுப் போன மனைவி என்கிற கடுமையான உவமையில் பேசுகிறது. 13-ஆம் வசனம் உன் அக்கிரமத்தை ஒத்துக்கொள் என்கிறது. மெஷூவா லேசான விஷயம் என்று நான் சொன்னால் அது பொய். உங்கள் பாஸ்டரின் கவலைக்கு வசனத்தில் ஆதாரமே இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த அழைப்பு யாருக்குப் போகிறது என்று 12-ஆம் வசனத்தில் பாருங்கள். "வடதிசையை நோக்கிக் கூறு" என்கிறது. வடக்கு ராஜ்யமான இஸ்ரவேலை அசீரியர்கள் கி.மு. 722-இல் அழித்து, ஜனங்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எரேமியா ஊழியத்துக்கு வந்தது அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் கழித்து. தெற்கு ராஜ்யமான யூதாவில் இருந்தவர்கள் எப்போதோ கணக்கை முடித்துவிட்ட ஜனங்கள் அவர்கள். அந்தத் திசையைப் பார்த்துத்தான் தீர்க்கதரிசி நின்று, திரும்பு, "நான் என்றைக்கும் கோபம் வைக்கமாட்டேன்" என்று கத்துகிறார். அவர்கள் கூட்டமாகத் திரும்பி வந்ததாகச் சரித்திரத்தில் இல்லை. ஆகவே, இந்த வசனத்தை வைத்து உங்கள் மகன் கிறிஸ்துமஸுக்குள் சபைக்கு வந்துவிடுவான் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. யாராவது கொடுத்தால் நம்பாதீர்கள்.

'பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து' என்ற நீதிமொழியைக் குறிப்பிட்டு, "நான்தான் சரியா வளர்க்கல" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழமொழி, அம்மா. பழமொழி பெரும்பாலும் நடப்பதைச் சொல்லும், உத்தரவாதச் சீட்டு எழுதித் தராது. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

நாலாம் பக்கத்தில் ஒரு வரி

ஆறு பக்கத்தில் என்னை நிறுத்தியது நாலாம் பக்கத்தின் ஒரு வரிதான். "வேலை போயி ரெண்டு மாசம் வீட்ல இருந்தப்ப சபையில ஒருத்தரும் என்னன்னு கேக்கல, நன்றிக் காணிக்கை மட்டும் கேட்டாங்கன்னு ஒரு தடவ சொன்னான்." எழுதிவிட்டு அடுத்த வரியில் தைப்பூசப் படத்துக்குப் போய்விட்டீர்கள். அவன் சபைக்கு வருவதை நிறுத்தியது எப்போது? உங்கள் கணக்குப்படியே அந்த மாதங்களில்தான். படம் அதற்கு ஒன்றரை வருடம் கழித்து வந்தது.

தமிழில் பல இடங்களில் 'வழிதப்பினான்' என்று ஒரே மாதிரி நமக்குக் கேட்பதற்கு எபிரேயத்தில் வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. சங்கீதம் 119-இலேயே மூன்று. 10-ஆம் வசனத்தில் ஷாகா. 67-இல் ஷாகாக், லேவியராகமத்தில் அறியாமல் செய்கிற பிழைக்கு வருகிற சொல்லின் குடும்பம் அது. 176-இல் தாஆ, அலைந்து திரிவது. ஆகார் பிள்ளையோடு பெயெர்செபா வனாந்தரத்தில் அலைந்தாளே, அந்தச் சொல். வயல்வெளியில் அண்ணன்மாரைத் தேடிப் போய் வழி தெரியாமல் நின்ற யோசேப்புக்கும் அதே சொல். அந்த இரண்டு பேர்மேலும் பைபிள் குற்றம் சுமத்தவில்லை.

எசேக்கியேல் 34:4 இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. காணாமற்போன ஆடு வேறு, துரத்துண்ட ஆடு வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல். அங்கே ஆடுகள் திட்டு வாங்கவில்லை. துரத்துண்டதைத் திரும்பக் கொண்டுவராத, காணாமற்போனதைத் தேடாத மேய்ப்பர்கள்தான் வாங்குகிறார்கள். உங்கள் மகன் அலைந்து போனவனா, துரத்தப்பட்டவனா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவனிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை என்பது மட்டும் கடிதத்திலிருந்து தெரிகிறது.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நண்பனின் காவடிக்குத் துணையாகப் போனவன் சமயம் மாறிவிட்டான் என்று ஒரு படத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. மாறியிருக்கவும் கூடும். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கோயில் திருவிழா அன்னியமில்லை என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் லயத்தில் தீமிதி நடந்தால் நாங்களும்தான் மோர்ப் பந்தலில் நின்று ஊற்றிக் கொடுத்தோம். அவனே மாறிவிட்டேன் என்று சொன்னாலும், 26 வயதுக்காரனின் சமயம் அவன் முடிவு. மலேசிய அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. பெற்றோர் சமயத்தைத் தீர்மானிக்கலாம் என்கிற 12(4) 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான். மனம் வருந்தலாம், ஜெபிக்கலாம், அவனிடம் சொல்லலாம். கட்டாயப்படுத்த வழி இல்லை.

பந்தியும் வாசலும்

பாஸ்டர் சொன்னதற்கு அடிப்படை 1 கொரிந்தியர் 5:11. 'அப்படிப்பட்டவனுடனேகூடப் புசிக்கவுங்கூடாது' என்று எழுதியிருப்பது உண்மை. சில சபைகள் அதைக் குடும்பப் பந்தி வரைக்கும் நீட்டுகின்றன. என் வாசிப்பு வேறு. பவுல் பேசுவது, சபைக்குள்ளே சகோதரன் என்று உட்கார்ந்துகொண்டு வெளிப்படையாகத் தப்பு செய்கிறவனை வைத்துக்கொண்டு பெருமைப்பட்ட ஒரு சபையிடம். சபையை விட்டே போன பிள்ளைக்குப் பெற்ற தாய் வைக்கிற சோற்றைப் பற்றி அல்ல. உங்கள் பாஸ்டர் தன் சபையின் விதிப்படி அங்கத்தினர் பட்டியலில் என்ன செய்ய வேண்டுமோ அது அவர் பொறுப்பு. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அந்தப் பட்டியலில் இல்லை. இதை அவரிடம் மரியாதையாக, உங்கள் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிடச் சொல்லியும் கேளுங்கள்.

இதில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் குறையலாம். பெண்கள் ஐக்கியத்தில் உங்களுக்குக் கொடுத்த பொறுப்பை எடுத்துவிடவும் கூடும். அது வலிக்கும், ஏனென்றால் இருபது வருடமாக உங்கள் உலகம் அதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இழப்பையும் மகனை வெளியே உட்கார வைத்த அந்த மதியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தோன்றியதை மேலேயே சொல்லிவிட்டேன்.

யாத்திராகமம் 23:4-இல் மாட்டைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. உன் சத்துருவின் மாடோ கழுதையோ தப்பிப்போவதைக் கண்டால் அதைத் திரும்ப அவனிடம் கொண்டுபோய் விடு. தப்பிப்போவதற்கு அங்கே தாஆ, திரும்பக் கொண்டுபோவதற்கு ஷூவ். நாம் இவ்வளவு நேரம் பார்த்த இரண்டு சொல்லும் ஒரு மாட்டின் கழுத்துக் கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பசு ஒன்று இளஞ்செம்பனைக் காட்டுக்குள் போய்விட்டது. அப்பாவோடு மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து லயத்துக்காரர், ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் லைட்டோடு அதை ஓட்டிக்கொண்டு வந்து முளையில் கட்டிவிட்டுப் போனார். அன்றைக்கும் பேசவில்லை. சத்துருவின் மாட்டுக்கே இந்தச் சட்டம்.

மகனிடம் என்ன சொல்வது

போன் செய்யுங்கள். அவன் செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள். எபிரேயம் வேண்டாம், வசனம் வேண்டாம், நான் எழுதியிருக்கும் இதை அவனுக்கு அனுப்பவும் வேண்டாம். "அன்னிக்கு உன்ன வெளிய உட்கார வச்சது எனக்கே பொறுக்கலப்பா" என்று ஒரு வாக்கியம் போதும். அவன் 'பரவாயில்லம்மா' என்று சொல்லிப் பேச்சை மாற்றினால் மாற்ற விடுங்கள். எடுக்கவில்லை என்றால் அதையே குரல் பதிவாக அனுப்புங்கள். கணவர் கோபமாக இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரை வற்புறுத்தி மகனோடு பேச வைக்காதீர்கள். ஆனால் அவன் வரும் அன்று மூன்று தட்டு உள்ளே வைப்பேன் என்று முன்னாலேயே அவரிடம் தெரிவித்துவிடுங்கள்.

அவன் வந்தால், சாப்பிட்டு முடித்து ஆற அமர உட்காரும்போது, அந்த வேலை போன இரண்டு மாதத்தைப் பற்றிக் கேளுங்கள். சபையைப் பற்றி அல்ல, அந்த இரண்டு மாதத்தைப் பற்றி. நடுவில் மறுத்துப் பேசாதீர்கள். சபையில் யாரையாவது திட்டினாலும் அவர்களுக்காக வக்காலத்து வாங்காதீர்கள். முதல் தடவையே முழுக்கச் சொல்லமாட்டான். தூக்கம் இல்லை, சாப்பிட முடியவில்லை, வாழ்வதில் அர்த்தம் இல்லை என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் உடனே பக்கத்துக் கிளினிக்கில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

பெற்ற வயிறு எரிகிறது என்று எழுதியதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தீர்கள், விசுவாசி அப்படிப் பேசக் கூடாதென்று. எரேமியா 31:20-ஐ எடுத்துப் பாருங்கள். விலகிப்போன எப்பிராயீமை, அதாவது அதே வடக்கு ராஜ்யத்தை, பற்றிக் கர்த்தர் பேசுகிறார். "என் உள்ளம் அவனுக்காகக் கொதிக்கிறது" என்று தமிழில் இருக்கிறது. 'உள்ளம்' என்று வந்திருக்கும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது மேஇம். நேராகச் சொன்னால் குடல், வயிறு. நீங்கள் எழுதியதுதான் மூலத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

அவனுடைய பைபிள் அலமாரி மேலேயே இருக்கட்டும். பரிசாக வாங்கியது, அவன் பெயர் எழுதியிருக்கிறது, யாருக்கும் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அவன் வரும் அன்று அதை எடுத்து மேசையில் வைத்துவிடவும் வேண்டாம். இருக்கிற இடத்திலேயே தூசு தட்டி வையுங்கள்.